கட்டையில் வெயில் காய்ந்த ஆமை

டென்மார்க்கில் மலை ஏறப் போகிறோம் என்று யாழ்ப்பாணத்தில் இருக்கும் சித்தியிடம் போன கோடை விடுமுறையில் வட்ஸ்அப்பில் சொன்னேன்.

"எவ்வளவு உயரம்?"

"147 மீற்றர் சித்தி."

"அது எங்கட கோணேசர் மலையளவுதானே! அதுக்கு ஏன் பை கட்டிக்கொண்டு போறியள்?"

சித்தி சிரித்ததில் பிழையில்லை. நாங்கள் போனது சில்க்கபோர்க் பக்கத்தில் இருக்கும் ஹிமெல்பியர்கெட். டேனிஷில் 'வான மலை' என்று அர்த்தம். ஒரு காலத்தில் நாட்டின் ஆக உயர்ந்த இடம் இதுதான் என்று நம்பித்தான் அப்படிப் பெயர் வைத்தார்களாம். இன்றைக்கு முதலிடத்தில் இருக்கும் மேடுகூட 171 மீற்றரைத் தொடவில்லை. ஆனாலும் தட்டையான நடு யூலண்டில் வளர்ந்த எனக்கு, காலுக்குக் கீழே காடும் ஏரியும் தெரிகிற இடம் என்றால் அது மலைதான்.

அந்தப் பகுதியையே டேனிஷ்காரர் 'ஏரிகளின் மேட்டுநிலம்' என்று பொருள்படும் பெயரால்தான் அழைக்கிறார்கள். பனியூழிப் பனிப்பாறைகள் விட்டுப் போன குன்றுகள், இடையிடையே நீள ஏரிகள், அவற்றைக் கோர்த்துக்கொண்டு ஓடும் குதெனோ ஆறு. 1861இல் ஓடத் தொடங்கிய யெய்லன் என்ற துடுப்புச் சக்கரக் கப்பல் கோடையில் இன்னும் சில்க்கபோர்க்கிலிருந்து மலையடிவாரம் வரை ஆட்களை ஏற்றிப் போகிறது. மேலே 1875இல் கட்டிய செங்கல் கோபுரம். பிள்ளைகளோடு ஒரு நாள் போய்வர இதைவிட நல்ல இடம் யூலண்டில் குறைவு. மேலே ஐஸ்கிறீமும் விற்கிறார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது மலையைப் பற்றியல்ல.

அடுத்த நாள் காலை, தங்கியிருந்த கோடை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னக் குளத்தைச் சுற்றி நானும் ஒன்பது வயது மகளும் நடந்துகொண்டிருந்தோம். திடீரென்று அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, அங்க பாருங்கோ! ஆமை!"

தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்த கட்டையில், கழுத்தை நீட்டி, பின்னங்கால்களை விரித்துக்கொண்டு ஒரு ஆமை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக் கோப்பையளவு ஓடு. மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டென்மார்க்கில் காட்டு ஆமை இருக்கிறது, அதை அவள்தான் கண்டுபிடித்தாள், பள்ளிக்கூடம் தொடங்கியதும் வகுப்பில் சொல்ல வேண்டும். நான் தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தேன். கண்ணுக்குப் பின்னால், காது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புக் கோடு.

அந்தக் கோட்டை எனக்கு நன்றாகத் தெரியும்.

1995இல், எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது, அப்பா ஒரு செல்லப்பிராணிக் கடையில் ஆமைக்குஞ்சு ஒன்று வாங்கித் தந்தார். ஐந்து குரோனர் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பச்சை ஓடு, சிவப்புக் காது. தொலைக்காட்சியில் நிஞ்சா ஆமைகள் சண்டை பிடித்துக்கொண்டிருந்த காலம், வகுப்பில் எல்லாரிடமும் இருந்தது. அம்மம்மா மட்டும் ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று இரண்டு நாள் புறுபுறுத்தா. "கிணத்துக்குள்ள விட்டால் தண்ணியாவது துப்பரவாகும், இங்க கிணறும் இல்லை" என்று பிறகு அவவே இறைச்சித் துண்டு போடத் தொடங்கினா.

அது எவ்வளவு வளரும் என்று கடையில் யாரும் சொல்லவில்லை. எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நான்கு வருடத்தில் தொட்டி காணாமல் போயிற்று. தண்ணீர் மாற்றி முடியவில்லை, வீடெல்லாம் மணம். கண்ணாடியில் நகத்தால் இராமுழுக்கப் பிறாண்டிக்கொண்டிருக்கும்.

1999 ஓகஸ்டில் ஒரு பின்னேரம், அப்பாவும் நானும் அதை வாளியில் வைத்து எங்கள் ஊருக்குப் பக்கத்துக் குளத்துக்குக் கொண்டுபோனோம். "அடைச்சு வைக்கிறது பாவமடா" என்றார் அப்பா. 1986இல் டென்மார்க்குக்கு வந்து மாதக்கணக்கில் அகதி முகாமில் ஒரே அறையில் இருந்த மனிதர் அவர். அவர் சொன்ன 'அடைச்சு' என்ற சொல்லில் என்ன இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. வாளியைச் சரித்தோம். ஆமை கொஞ்ச நேரம் கரையிலேயே நின்றது. பிறகு தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டது. கோயில் கேணியில் விடுகிற மாதிரி, ஒரு புண்ணியம் செய்த மனநிலையோடு வீட்டுக்கு வந்தோம்.

இவ்வளவையும் அந்தக் குளக்கரையில் மகளிடம் சொன்னேன். இது காட்டு ஆமை இல்லை, குஞ்சு. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த இனம். யாரோ ஒரு அப்பாவும் பிள்ளையும் விட்டிருப்பினம்.

அவள் கேட்ட முதல் கேள்வி: "உங்கட ஆமை இப்பவும் இருக்கா?"

இருக்கலாம். இந்த இனம் முப்பது வருடம், சிலவேளை அதற்கு மேலும் உயிர் வாழும்.

இரண்டாவது கேள்வி: "தனியவா?"

அதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை.

அன்று மத்தியானம் மழை. டென்மார்க்கின் கோடை என்றால் இதுவும் சேர்த்துத்தான். சில்க்கபோர்க் அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1950இல் சதுப்பு நிலத்தில் எரிபொருளுக்கு மண் வெட்டியவர்கள் கண்டெடுத்த டோலுண்ட் மனிதன் அங்கேதான் படுத்திருக்கிறான். இரண்டாயிரத்து நானூறு வருடம் பழைய உடல், முகத்தில் தாடி மயிர்கூட அப்படியே இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போவதென்றால் முதலே சொல்லிவிடுங்கள், கழுத்தில் கயிறும் இருக்கிறது.

இந்த நாட்டின் சதுப்புகள் எதையெல்லாம் பத்திரப்படுத்தி வைத்திருக்கின்றன என்று அன்றிரவு தேடிப் படித்தபோதுதான், மகளின் ஏமாற்றத்துக்கு ஒரு மறுமொழி கிடைத்தது. டென்மார்க்குக்கென்று சொந்த ஆமை ஒன்று இருந்திருக்கிறது. கறுப்பு ஓட்டில் மஞ்சள் புள்ளி தெளித்த ஐரோப்பியக் குளத்து ஆமை. தூர்ந்துபோன பழைய ஏரிகளிலும் சதுப்புகளிலும் மண் வெட்டும்போது அதன் ஓடுகளும் எலும்புகளும் பல இடங்களில் கிடைத்திருக்கின்றன. மாக்னுஸ் டேகர்புல் என்ற விலங்கியலாளரும் ஹரால்ட் குரோ என்ற புவியியலாளரும் 1951இல் இதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார்கள்.

பனியூழி முடிந்தபின் ஏறத்தாழ 9,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை, இங்கே கோடை இன்றையதைவிட ஒன்றிரண்டு பாகை சூடாக இருந்தது. ஆமைகள் தெற்கிலிருந்து வந்தன. பிறகு காலநிலை குளிர்ந்தது, அவை இல்லாமல் போயின.

ஒன்றிரண்டு பாகைக்கு ஒரு இனமே போய்விடுமா என்று எனக்கும் ஆச்சரியமாக இருந்தது. விசயம் முட்டையில் இருக்கிறது. வளர்ந்த ஆமை குளத்தின் அடிச்சேற்றில் கிடந்து டேனிஷ் பனிக்காலத்தைத் தாண்டிவிடும். ஆனால் தாய் ஆமை முட்டையை மணலில் புதைத்துவிட்டுப் போய்விடும், அடைகாப்பது வெயில்தான். இரண்டு மூன்று மாதம் நல்ல சூடு இல்லாவிட்டால் குஞ்சு முழுமையாகாது. இன்னொரு புதினமும் உண்டு: பிறப்பது ஆணா பெண்ணா என்பதையே மண்ணின் சூடு தீர்மானிக்கிறது. இந்த இனத்தில் சூடு குறைந்தால் ஆண், கூடினால் பெண். ஆகவே குளிர்ந்த கோடைகள் தொடர்ந்தால் பெரிய ஆமைகள் வருடக்கணக்கில் குளத்தில் தெரியும், குஞ்சுகள் மட்டும் வராது. பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் இருக்கும். ஒருநாள் கடைசிக் கிழடும் செத்துப்போகும்.

நாங்கள் விட்ட ஆமைக்கும் இதே கதைதான். அது டென்மார்க்கில் உயிர் வாழும், குடும்பமாகாது. ஐரோப்பாவின் தெற்கில் நிலைமை வேறு. அங்கே இதே சிவப்புக் காது ஆமைகள் குஞ்சு பொரித்துப் பெருகி, உள்ளூர் ஆமைகளின் வெயில் காயும் இடத்தையும் சாப்பாட்டையும் பிடித்துக்கொள்கின்றன. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இறக்குமதியைத் தடுத்தது. 2016இல் இந்த இனத்தை ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் சேர்த்தது. விற்கவும் இனப்பெருக்கம் செய்யவும் வெளியில் விடவும் கூடாது. முன்பே வீட்டில் வைத்திருந்தவர்கள், அது தப்பிப் போகாமலும் பெருகாமலும் பார்த்துக்கொண்டு, சாகும்வரை வைத்திருக்கலாம்.

"அப்ப எத்தினை ஆமை இப்ப குளங்களில இருக்கு?" என்று கேட்டாள் மகள்.

எனக்குத் தொழில் மென்பொருள். கேள்வியில் எண் இருந்தால் பதில் இல்லாமல் விட மனம் வராது. எல்லாவற்றையும் பிடித்து எண்ண முடியாத விலங்குகளை எப்படி எண்ணுகிறார்கள் என்று தேடினேன். தேடிப்போன இடத்தில் ஒரு டேனிஷ்காரர் நின்றார்.

சி. ஜி. யொஹானஸ் பீற்றர்சன், கடலியல் ஆய்வாளர். 1890களில் வட யூலண்டின் லிம்பியோர்ட்டில் செம்புள்ளித் தட்டை மீன்களில் (இங்கே நாங்கள் பொரித்துச் சாப்பிடுகிற அதே ரோட்ஸ்பெட்ட) அடையாளம் கட்டித் திரும்ப விட்டார். பிறகு பிடிபடும் மீன்களில் எத்தனை அடையாளத்தோடு வருகின்றன என்று பார்த்தார். அதிலிருந்து பிறந்ததுதான் அடையாளமிட்டு மறுபடி பிடிக்கும் கணக்கு. பின்னர் அமெரிக்காவில் லிங்கன் என்பவர் 1930இல் வாத்துகளுக்கு இதையே செய்தார். இருவர் பெயரையும் சேர்த்து லிங்கன்-பீற்றர்சன் முறை என்கிறார்கள். உலகத்தில் எங்கே ஆமைகளைக் கணக்கெடுத்தாலும் அடிப்படையில் நிற்பது பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான்.

வீட்டில் இருந்த கடலைப் போத்தலில் இதைச் செய்து பார்த்தோம். நீங்களும் செய்யலாம். ஒரு கை கடலை எடுத்து, இருபதில் பேனாவால் புள்ளி வைத்து, திரும்பப் போட்டு நன்றாகக் குலுக்கினோம். கண்ணை மூடிக்கொண்டு மகள் முப்பது கடலை எடுத்தாள். ஆறில் புள்ளி. முப்பதில் ஆறு என்றால் ஐந்தில் ஒன்று. நாங்கள் புள்ளி வைத்த இருபதும் மொத்தத்தில் ஐந்தில் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் நூறு. கொட்டி எண்ணினோம், நூற்றெட்டு. மகள் வாயைப் பிளந்தாள்.

ஆமைக்குப் பேனாப் புள்ளி நிற்காது. ஓட்டின் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னத் தகடுகள் வரிசையாக இருக்கும். அவற்றில் அரத்தால் சிறிய வெட்டு வைப்பார்கள். எந்தப் பக்கம், எத்தனையாவது தகடு என்பதை வைத்து ஒவ்வொரு ஆமைக்கும் ஒரு எண். 1939இல் கேகிள் என்ற அமெரிக்கர் எழுதிவைத்த முறை இது. கணினியில் பூச்சியமும் ஒன்றும் வைத்து எண் எழுதுவது போல, ஓட்டிலேயே எழுதிய இலக்கம். இருபது வருடம் கழித்து வேறொருவர் பிடித்தாலும் வாசிக்கலாம்.

"எங்கட ஆக்கள் இருக்கிற இடங்களில காட்டு ஆமை இருக்கா?"

இருக்கிறது. நான் அவளுக்கு விஜயாவின் கதையைச் சொன்னேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையில், ஆனைமலையிலும் அதை ஒட்டிய கேரளக் காடுகளிலும், உள்ளங்கையளவு ஆமை ஒன்று வாழ்கிறது. வளர்ந்தாலும் 13 சென்ரிமீற்றர்தான். குளத்திலோ ஆற்றிலோ அல்ல, மழைக்காட்டின் தரையில், உதிர்ந்த இலைக்குள். ஓடு அந்த இலையின் நிறம். ஒரு அடி தள்ளி நின்றாலும் தெரியாது. பிரம்பு வளரும் காடுகளில் இருப்பதால் பிரம்பு ஆமை என்ற பொருளில் ஆங்கிலத்தில் அதற்குப் பெயர். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த ஹென்டர்சன், அன்றைய கொச்சி அரசின் காட்டில் கிடைத்தவற்றை வைத்து 1912இல் இதை விவரித்தார். அதன் பிறகு எழுபது வருடம் எந்த விஞ்ஞானியும் இதைக் காணவில்லை. அழிந்ததா, இருக்கிறதா, தெரியாது.

1982இல் சென்னையிலிருந்து ஜே. விஜயா என்ற இளம்பெண் அந்தக் காட்டுக்குப் போனார். கல்லூரிக் காலத்திலேயே சென்னைப் பாம்புப் பண்ணையில் தொண்டு வேலை செய்யத் தொடங்கியவர், இந்தியாவின் முதல் பெண் ஊர்வனவியலாளர் என்று அறியப்பட்டவர். காட்டுக்குள்ளேயே தங்கி, அங்கு வாழும் காடர் மக்களின் உதவியோடு தேடினார். ஆமை கிடைத்தது. விஞ்ஞானிகள் காணாத எழுபது வருடமும் காடர்களுக்கு அது தெரிந்த ஆமைதான். அவர்களிடம் போய் இருந்து கேட்க ஒருவர் வேண்டியிருந்தது. விஜயா 1987இல், முப்பது வயதைக் காணாமலே இறந்துபோனார். 2006இல் இந்த ஆமைக்குத் தனிப் பேரினம் வகுத்தபோது ஆய்வாளர்கள் அதற்கு 'விஜயகெலிஸ்' என்று பெயர் வைத்தார்கள். 'விஜயாவின் ஆமை.'

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அதே மலைகளில் இந்த ஆமையையும், பெரிய திருவாங்கூர் ஆமையையும் இன்னும் விரிவாக ஆராய்ந்தார்கள். நினைத்துப் பாருங்கள்: மழை, அட்டை, யானை நடமாட்டம். நிலத்தை அளந்து, குனிந்து, இலையை விலக்கி விலக்கிப் பார்க்க வேண்டும். முழு நாளும் தேடி ஒன்றும் கிடைக்காமல் போகும். கிடைத்தால் அளவு, எடை, இடம் குறித்துக்கொண்டு, சிலவற்றின் ஓட்டில் சின்ன வானொலிக் கருவி ஒட்டி, எடுத்த இடத்திலேயே விடுவார்கள். எவ்வளவு தூரம் நடக்கிறது, எந்த மரத்தடியில் தங்குகிறது என்று அப்படித்தான் தெரிய வந்தது. தேயிலைத் தோட்டங்களும் அணைகளும் துண்டுபோட்ட மலையில், எந்தத் துண்டுக் காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்ல அந்தத் தரவுதான் வேண்டும்.

மகள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அவ பிடிச்ச இடத்திலயே விட்டவ. நீங்கள் வேற இடத்தில விட்டனீங்கள்."

ஒன்பது வயதுப் பிள்ளை. நான் ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவே அப்பாவுக்கு எடுத்தேன். அவரை நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் பேத்தி எப்படியும் சொல்லத்தான் போகிறாள். எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நான் விட்டது நல்லது எண்டெல்லோ நினைச்சனான்."

"தெரியும் அப்பா. நானும் அப்பிடித்தான் நினைச்சனான்."

"அப்ப அதுக்கு அங்க ஒரு சோடியும் இல்லையோ?"

"இருந்தாலும் குஞ்சு வராது அப்பா. குளிர்."

"ம்." பிறகு, "அந்தக் குளம் இப்பவும் இருக்கு. நான் கிழமைக்கு ஒருக்கா அந்தப் பக்கம் நடக்கிறனான். ஒருநாளும் வடிவாய்ப் பாக்கேல்லை" என்றார்.

உங்களில் சிலர் வீட்டிலும் ஆமை இருக்கலாம், அல்லது பிள்ளை கேட்டு அழுதுகொண்டிருக்கலாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வாங்குவதற்கு முன் அதன் ஆயுளைக் கேளுங்கள். பிள்ளை பல்கலைக்கழகம் போனபின்னும் அது உங்கள் குளியலறையில் இருக்கும். வைத்திருக்க முடியாவிட்டால் மிருக வைத்தியரிடமோ கொம்யூனிடமோ விசாரியுங்கள், குளத்தில் மட்டும் விடவேண்டாம். ஊருக்குப் போகும்போது நட்சத்திர ஆமையை யாராவது 'அதிர்ஷ்டம்' என்று தந்தால் தொடவேண்டாம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இந்த ஆமை கடத்தலால் படும் பாடு கொஞ்சமல்ல. 2019இலிருந்து அதன் சர்வதேச வணிகத்துக்கு ஆகக் கடுமையான தடை இருக்கிறது.

குளத்தில் ஆமையைக் கண்டால் படம் எடுத்து, இடமும் தேதியும் குறித்து, உங்கள் நாட்டின் இயற்கைப் பதிவேட்டில் சேருங்கள். டென்மார்க்கில் பொதுமக்கள் பதிவதற்கு அரச தளமே இருக்கிறது. பிள்ளைகளுக்கு இது நல்ல வேலை. மகளின் முதல் பதிவு அந்தச் சில்க்கபோர்க் ஆமைதான். 'வகுப்பில் சொல்லலாமா?' என்று மறுபடி கேட்டாள். சொல்லலாம், முழுக்கதையையும் சொல்லு என்றேன்.

செப்டெம்பரில் ஒரு ஞாயிறு நல்ல வெயில். அப்பாவையும் கூட்டிக்கொண்டு அந்தப் பழைய குளத்துக்குப் போனோம். அப்பா கதிரையும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் கொண்டுவந்தார். மகள் கொப்பியில் நேரம், வெப்பநிலை, வெயில் எல்லாம் எழுதினாள். பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை மூன்று பேரும் மாறி மாறித் தொலைநோக்கியில் பார்த்தோம். வாத்து, ஒரு கொக்கு, நிறையத் தும்பிகள். ஆமை இல்லை.

"ஒண்டும் இல்லையெண்டால் என்னத்தை எழுதுறது?" என்று கேட்டார் அப்பா.

"பூச்சியம் எண்டு எழுதவேணும் அப்பப்பா. பாத்தனாங்கள், இல்லை. அதுவும் கணக்குத்தான்."

எழுதினாள். அப்பா கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, மே மாதம் வெயில் வந்ததும் திரும்ப வருவோம் என்றார். அதுவரை கிழமைக்கு ஒருக்கா தான் நடக்கும்போது பார்த்து எழுதுகிறாராம். அடுத்த பக்கத்தில் கோடு போட்டுத் தரச்சொல்லிக் கேட்டார்.